நாப்பதடிக் கிணத்துல 62 கரை

ஆவணி மாசம் ஒருநாள் விடியக்காலம் நாலே முக்காலுக்கு வாய்க்கா மேட்டுல ஓடிட்டு இருந்தேன். எதிர்க்க டிவிஎஸ்ல பால் கொண்டு போயிட்டிருந்த பங்காளி ஒருத்தர் பதறிப் போயி வண்டிய நிறுத்திட்டாரு.

"என்ன தம்பி, மாடு அத்துக்கிச்சா? எந்தப் பக்கம் போச்சு?"

"இல்லீங்கண்ணா, சும்மாதான் ஓடறேன்."

"சும்மாவா?" லைட் வெளிச்சத்துல என் காலைப் பார்த்தாரு. பச்சைக் கலர் ஷூ. அப்புறம் குரலைத் தாழ்த்தி, "ஊட்டுல ஏதாச்சும் சண்டையா?"ன்னு கேட்டாரு.

அவருக்கு அன்னைக்கு என்னால விளக்கம் சொல்ல முடியல. உங்களுக்குச் சொல்றேன். டவுன்ல இருக்கறவங்களுக்கு இது புதுசா இருக்காது. டிரையத்லான்னு ஒரு போட்டிங்க. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணையும் ஒண்ணு முடிஞ்ச கையோட ஒண்ணுன்னு நடுவுல உக்காராமச் செய்யோணும். நான் பேர் குடுத்திருக்கறது அதுல சின்னது, ஸ்பிரின்ட்னு சொல்றாங்க. 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். இதுல பெருசு ஒண்ணு இருக்குது, அயர்ன்மேன்னு பேரு. 3.8 கிலோமீட்டர் நீந்தி, 180 கிலோமீட்டர் சைக்கிள் மிதிச்சு, அதுக்கு மேல ஒரு முழு மாரத்தான் ஓடோணும். 1978ல அமெரிக்காவுல ஹவாய்த் தீவுல 15 பேரு சேர்ந்து மொதமொதல்ல ஆரம்பிச்சு, 12 பேரு முடிச்சாங்களாம். எனக்கு அந்த ஆசையெல்லாம் இல்லீங்க. 54 வயசுல எனக்கு ஸ்பிரின்டே அயர்ன்மேன்தான்.

இழுத்து விட்டது என் மகதான். பெங்களூர்ல வேலை பார்க்கறா, 28 வயசு. சித்திரையில மாரியம்மன் நோம்பிக்கு வந்தப்ப, போன வருசம் அவ கலந்துக்கிட்ட போட்டியோட போட்டோவைக் காட்டுனா. தலையில ரப்பர் தொப்பி, கண்ணுல கண்ணாடி, ஒரு ஏரிக்குள்ள இருந்து எந்திரிச்சு வர்றா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இவளுக்கு எப்ப நீச்சல் வந்துச்சு? வாயில வரல, மனசுல கேட்டுக்கிட்டேன். ஏன் வாயில வரலைங்கறது பின்னாடி வரும்.

"அடுத்த வருசம் நீங்களும் வாங்கப்பா"ன்னா. சும்மா சொல்றான்னு நெனச்சு, "அதுக்கென்ன, கிணத்துல நீந்தாத நீச்சலா, காட்டுல நடக்காத நடையா"ன்னு சொல்லிட்டேன். அவ அங்கயே உக்காந்து போன்ல என் பேரைப் பதிஞ்சு பணத்தைக் கட்டிட்டா.

கட்டுன கையோட டாக்டர்கிட்டயும் கூட்டிட்டுப் போயிட்டா. அம்பது தாண்டுனவங்க இந்த மாதிரி எறங்கறதுக்கு முன்னாடி நெஞ்சைச் சோதிச்சுக்கறது நல்லதுன்னு, ஈசிஜி எடுத்து, ஓடற பெல்ட் மேல ஏத்தி விட்டாங்க. நெஞ்சுல கோளாறு எதுவும் இல்லைன்னுட்டாங்க. ஆனா சர்க்கரை எல்லைக் கோட்டுல நிக்குதுன்னாங்க. "தினமும் நடக்கறீங்களா?"ன்னு டாக்டர் கேட்டாரு. எனக்குக் கோவம் வந்துருச்சு. "நான் விவசாயிங்க"ன்னேன். அவரு சிரிக்காம, "அது சரி, நடக்கறீங்களா?"ன்னு மறுபடியும் கேட்டாரு.

வீட்டுக்கு வந்து நாள் பூரா யோசிச்சேன். எங்கப்பா காலத்துல மோட்டார் போடணும்னாலே ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு அரை மைல் நடக்கோணும். நான் இப்ப கட்டில்ல படுத்துட்டே செல்போன்ல போடறேன். மஞ்சளுக்குச் சொட்டுநீர், அதனால மம்முட்டி புடிச்சு மடை மாத்தறது இல்ல. உழவுக்கு டிராக்டர், நெல்லறுப்புக்கு மெசின், பால் சொசைட்டிக்கு டிவிஎஸ். வருசத்துல சில நாள் மூட்டை தூக்கறேன், வரப்பு வெட்டறேன், முதுகு ஒடியுது, அதை வெச்சு உழைப்பாளின்னு நெனச்சுட்டு இருந்திருக்கேன். டவுன்ல இருக்கற நீங்க எங்களைப் பார்த்து "அவங்களுக்கென்ன, ஜிம்மே தேவையில்ல"ன்னு சொல்றீங்க பாருங்க, அது எங்கப்பாவுக்குப் பொருந்தும். எனக்குப் பாதிகூடப் பொருந்தாது. அன்னைக்கு டாக்டருக்குச் சொல்ல வேண்டிய நேர்மையான பதில், "இல்லீங்க, நடக்கறதில்ல"ங்கறதுதான்.

மொத நாள் ஓட்டம் வாய்க்கா மேட்டுல எங்க மடையில இருந்து அடுத்த பாலம் வரைக்கும்னு கணக்கு. பாதி தூரம் போறதுக்குள்ள நாக்குத் தள்ளிருச்சு. மககிட்டப் போன்ல சொன்னேன். "வேகமா ஓடியிருப்பீங்க. பக்கத்துல ஆள் இருந்தா நாயம் பேசிட்டே ஓடற வேகந்தான் சரியான வேகம். பேச முடியலைன்னா வேகத்தைக் குறைங்க"ன்னா. அந்த வேகத்துல ஓடுனா எங்க ஊர்க் கிழவிக நடந்தே என்னைத் தாண்டிருவாங்க. வெக்கத்தை விட்டுட்டு ஒரு நிமிசம் ஓட்டம், ரெண்டு நிமிசம் நடைன்னு ஆரம்பிச்சேன். பேசறதுக்கு ஆள் இல்லாததால மஞ்சள் வெலையப் பத்தி எனக்கு நானே பேசிக்கிட்டேன். நாய்க தொரத்துனது தனிக்கதை. ஓடுனாத்தான் தொரத்தும், நின்னு குனிஞ்சு கல்லு எடுக்கற மாதிரி செஞ்சாப் போயிரும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ஓட்டப் பயிற்சியில அதைச் செய்ய நாலு தடவை நிக்க வேண்டி இருக்குதுங்களே.

ஷூவும் ஒரு பாடு. சின்ன வயசுல இருந்து வெறுங்காலும் செருப்புமா இருந்த காலு, வெரலெல்லாம் விசிறி மாதிரி விரிஞ்சு கெடக்குது. கடையில நீளம் சரியா இருந்தா அகலம் பத்தல. கடைசியில அகலமானது ஒண்ணு கெடைச்சுது, அது பச்சைக் கலர்லதான் இருந்துச்சு.

மூணாவது வாரம் ஒடம்பு கொஞ்சம் பழகுனதும் எனக்குத் தெம்பு வந்து, ஒரே நாள்ல ரெண்டு பங்கு தூரம் ஓடிட்டேன். கெண்டைக்கால்ல புடிச்சுது பாருங்க, பத்து நாள் மாட்டுக்குத் தீவனம் போடக்கூட நொண்டிட்டே போனேன். "வாரத்துக்கு பத்துல ஒரு பங்குக்கு மேல கூட்டாதீங்கன்னு சொன்னேன்ல"ன்னு மக திட்டுனா. யூரியாவை ஒரே நாள்ல கொட்டுனாப் பயிர் கருகும்னு ஊருக்கெல்லாம் சொல்றவன் நான்.

சைக்கிளப் பத்திப் பெருசா சொல்றதுக்கு இல்ல. கேரியர்ல நாப்பது லிட்டர் பால் கேன் வெச்சு மிதிச்ச காலு, சீக்கிரம் ஞாபகத்துக்கு வந்துருச்சு. செகண்ட்ஹேண்ட்ல ஒரு கியர் சைக்கிள் வாங்குனேன். ஆடிக் காத்துல மேக்க பார்த்து மிதிக்கறப்ப சமதரையே மலை மாதிரி இருந்துச்சு, திரும்பி வர்றப்ப பொறத்தால யாரோ தள்ளி விடற மாதிரி வந்துச்சு. அவ்வளவுதான். குண்டியில வலிச்சது மட்டும் ரெண்டு மாசத்துக்கு நிக்கல.

ஆனா சைக்கிள்ல இருந்து எறங்கி ஒடனே ஓடிப் பாருங்க. காலு நம்ம காலாவே இருக்காது. தொடை ரெண்டும் மரக்கட்டை, முழங்காலு மடங்க மாட்டேங்குது. ஒரு மணி நேரம் வட்டமாச் சுத்திட்டு இருந்த காலுக்கு, மண்ணை ஒதைச்சு ஓடறதுன்னா என்னன்னு மறந்து போயிருது. அதுக்குன்னே வாரத்துல ஒருநாள் சைக்கிள் மிதிச்ச கையோட ஒரு கிலோமீட்டராச்சும் ஓடோணும்னு சொன்னா. மொத நாள் நான் வெரைச்ச காலோட ஓடுனதைப் பார்த்து எங்க வீட்டம்மா, "ஏனுங்க, பொய்க்கால் குதிரை கட்டியிருக்கீங்களா"ன்னு கேட்டா. நாலஞ்சு வாரத்துல அந்த மரத்துப் போறது ஐநூறு மீட்டருக்குள்ள விட்டுருச்சு.

இனி நீச்சலுக்கு வர்றேன்.

எங்க தோட்டத்துக் கிணறு நாப்பதடிக்கு நாப்பதடி. கீழ்பவானி வாய்க்கால் எங்களுக்கு மேல்பக்கமாப் போகுது. ஆகஸ்ட் 15 வாக்குல அணையில தண்ணி தொறந்து, வாய்க்கால்ல ஓட ஆரம்பிச்சு கொஞ்ச நாள்ல கசிவு எறங்கி, கிணத்துல தண்ணி ஏறும். மண்ணு வாய்க்காலா இருக்கறதோட பலன் அது. காங்கிரீட் போடறதா வேண்டாமான்னு எங்க பக்கம் நடக்கற சண்டைக்கு ஒரு காரணமும் அந்தக் கசிவுதான். அதுக்குள்ள இப்பப் போகல. கோடையில அடியில முழங்கால் தண்ணிதான் கெடக்கும். அதனால என் நீச்சல் பயிற்சி பொரட்டாசியிலதான் ஆரம்பிச்சுது.

நான் நீச்சல் கத்துக்கிட்டது இடுப்புல காய்ஞ்ச சொரக்குடுக்கையைக் கட்டித்தான். ஏழு வயசுல எங்க மாமா தூக்கிப் போட்டாரு. மோட்டார் ரூம் மேல இருந்து குதிப்போம், அடியில போயி மண்ணை அள்ளிட்டு வருவோம். அதனால நீச்சல்ல எனக்குச் சந்தேகமே இல்ல. நாப்பதடின்னா கிட்டத்தட்ட 12 மீட்டர். 750 மீட்டருக்கு 62 கரை. படியில 31 புளியங்கொட்டையை வெச்சுக்கிட்டேன், போயிட்டு வந்தா ஒண்ணைத் தள்ளி வெக்கறதுன்னு.

மொத நாள் மூணு கொட்டை. நாலாவதுக்குக் கையி போகல. நெஞ்சு வெடிக்கற மாதிரி இருந்துச்சு. படியைப் புடிச்சுட்டுத் தொங்குனேன். பத்து வயசுல நாள் பூரா இதுக்குள்ள கெடந்தவன், அஞ்சு நிமிசத்துல முடிஞ்சு போனேன். வீட்டம்மா மேல இருந்து எட்டிப் பார்த்து, "போதும் வாங்க, சோறு ஆறுது"ன்னா. ராத்திரி தூக்கம் வரல. சொல்லிடலாம், கால் வலின்னு ஏதாச்சும் சொல்லி விலகிக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன்.

அதைச் சொல்லத்தான் போன் பண்ணேன். அவ கேட்டுட்டு, "ஆயுத பூஜைக்கு நாலு நாள் லீவு. நான் வர்றேன். அதுவரைக்கும் தனியா எறங்காதீங்க"ன்னு வெச்சுட்டா.

வந்த மறுநாள் காலைல கிணத்து மேட்டுக்குப் போனோம். எறங்கறதுக்கு முன்னாடி பியூஸ் கேரியரைப் புடுங்கிப் பையில போட்டு வீட்டம்மா கையில குடுத்துட்டேன். கிணத்துல மோட்டார் கெடக்கறப்ப அது ரொம்ப முக்கியம். செல்போன் ஸ்டார்ட்டர் எப்ப எதுக்கு எடுக்கும்னு சொல்ல முடியாது. டிராக்டர் டியூப் ஒண்ணை ஊதிக் கயித்துல கட்டித் தண்ணியில மெதக்க விட்டோம். அவ நீச்சல் உடுப்போட, மேல ஒரு டீசர்ட் போட்டுட்டு, அஞ்சாறு படி எறங்கி நின்னா. தண்ணியைப் பார்த்துட்டே நின்னா. நான் அவளைப் பார்த்துட்டே நின்னேன்.

அவ அந்தக் கிணத்துல எறங்கி 15 வருசம் ஆச்சுங்க.

எங்க வகையறாப் புள்ளைகள்ல இவதான் மொதல்ல நீந்துனவ. எட்டு வயசுலயே மோட்டார் ரூம் மேல இருந்து தலைகீழா விழுவா. பசங்க பயப்படுவானுக. 13 வயசுல பெரிய மனுசி ஆனா. சீர் முடிஞ்சு, ஒறம்பரையெல்லாம் போன பொறகு, ஒரு ஞாயித்துக்கிழமை பங்காளி ஊட்டுப் பசங்க கிணத்துக்குப் போறானுகன்னு இவளும் துண்டை எடுத்துட்டுக் கெளம்புனா. நான் வாசல்ல கயித்துக் கட்டில்ல உக்காந்திருந்தேன். "இனிமே கிணத்துப் பக்கம் வேண்டாம் கண்ணு"ன்னேன். அவ ஏன்னு கேக்கல. அழுகல. அன்னைக்கு மத்தியானம் நான் அந்தப் பக்கம் போனப்ப, பசங்க உள்ள குதிச்சுட்டு இருந்தானுக. இவ அவனுக துணியை மடியில வெச்சுட்டு மேட்டுல உக்காந்திருந்தா. அதைப் பார்த்துட்டு நான் பாட்டுக்கு மடை திருப்பப் போயிட்டேன். எங்க ஊர்ல எல்லா அப்பனும் சொல்றதுதான், நானும் சொன்னேன். அதுக்கப்புறம் அதை நெனைக்கவே இல்ல, அந்த ஏரி போட்டோவைப் பார்க்கற வரைக்கும்.

எறங்குனா. சத்தமே இல்லாம நாலு கரை போயிட்டு வந்தா. தண்ணி தெறிக்கவே இல்ல. நான் படியில நின்னு வாயைப் பொளந்துட்டுப் பார்த்தேன்.

அப்புறம் என்னை நீந்தச் சொல்லிப் பார்த்தா. "அப்பா, நீங்க தலையைத் தூக்கிட்டே நீந்தறீங்க. தலை மேல இருந்தா காலு கீழ போயிரும். பாதி பலம் காலை மேல தூக்கறதுக்கே போயிருது. இன்னொண்ணு, மூச்சைப் புடிச்சு வெச்சுக்கறீங்க. உள்ள இருக்கற கெட்ட காத்தை விடாம இன்னும் இன்னும் இழுக்கப் பார்க்கறீங்க, அதுதான் நெஞ்சு அடைக்குது. மொகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சு, மூக்குல குமிழ் விட்டுட்டே இருங்க. திரும்பறப்ப இழுத்தாப் போதும். ஒரு கண்ணு தண்ணியிலயே இருக்கோணும்."

அன்னைக்குக் காலைல பூரா நான் படியைப் புடிச்சுட்டுக் குமிழ் விட்டேன், எருமை மாதிரி. தண்ணிக்குள்ள மொகத்தை வெச்சு மூச்சை விடறதுக்கு மனசு ஒத்துக்கவே மாட்டேங்குதுங்க. அத்தனை வருசம் குதிச்ச கிணறு, அதுக்குள்ள கண்ணைத் தொறந்து பார்க்கறப்ப வேற எடமாத் தெரியுது. பச்சையா, அடியில கருப்பா. பயந்துட்டேன்னு சொல்றதுல வெக்கமில்ல.

நடுவுல ஒருக்கா டியூப்பைப் புடிச்சுட்டு ரெண்டு பேரும் மெதந்துட்டு இருந்தோம். நானே கேட்டேன், "பெங்களூர்ல எப்படிக் கத்துக்கிட்ட சாமி?"

"மாசாமாசம் பணம் கட்டித்தாம்பா. மொத நாள் கோச் கேட்டாரு, ஏற்கெனவே தண்ணியில பழக்கம் இருக்கான்னு. இல்லைன்னு சொல்லிட்டேன்."

"ஏன் அப்படிச் சொன்ன? நீதான் நல்லா நீந்துவியே."

"ஆமான்னு சொன்னா, அப்புறம் ஏன் விட்டீங்கன்னு கேப்பாரு."

அவ அதைக் கோவமாச் சொல்லல. மழை பேஞ்சுது, வெயில் அடிச்சுதுங்கற மாதிரிச் சொன்னா. எனக்குப் பதில் தெரியல. மொகத்தைத் தண்ணிக்குள்ள வெச்சுக் குமிழ் விட்டேன். அன்னைக்கு ரொம்ப நேரம் விட்டேன். "இப்பச் சரியா வருதுப்பா"ன்னா.

அந்த நாலு நாள்ல ஊர்ல பேச்சு வராம இருக்குமா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வரப்பு மேல நின்னு, "கல்யாணம் பண்ற வயசுல புள்ள கிணத்துல குதிக்குது"ன்னு வீட்டம்மாகிட்டச் சொல்லியிருக்கு. இவ, "அவ எங்க குதிக்கறா, அவங்கப்பனுக்குச் சொல்லிக் குடுக்கறா. நீங்களும் எறங்கறதுன்னா வாங்க"ன்னிருக்கா. நானா இருந்தா அந்தப் பதிலைச் சொல்லியிருக்க மாட்டேன். அதுதான் என் கோளாறு. மக்யா நாள் அந்தப் பெரியம்மாவே பேத்தியக் கூட்டிட்டு வந்து மேட்டுல உக்காந்து வேடிக்கை பார்த்துச்சு. எதுக்கு வந்துச்சுன்னு நானும் கேக்கல, அதுவும் சொல்லல.

ஐப்பசியில பத்துக் கொட்டை வந்துச்சு. கார்த்திகையில இருபது. வீட்டம்மா மேட்டுல உக்காராம நான் எறங்கறதில்ல. மருந்தடிக்கற நாளும், தண்ணி பாய்ச்ச ராத்திரி முழிச்ச நாளும் பயிற்சி கெடையாது, அன்னைக்கு ஒடம்பு கேக்காது. மார்கழி மொத வாரம் 31 கொட்டையும் நவுந்துச்சு. போன்ல மககிட்டச் சொன்னதுக்கு அவ சந்தோசப்பட்டுட்டு, "கிணத்துல ஒவ்வொரு கரையிலயும் சுவத்தை ஒதைச்சுத் திரும்பறீங்க, ஏரியில சுவரே கெடையாது"ன்னா. அதனால இப்ப சுவத்தைத் தொடாம வட்டமா நீந்திப் பழகறேன். ஏழெட்டு வீச்சுக்கு ஒருக்கா முதலை மாதிரிக் கண்ணை மட்டும் மேல தூக்கி எங்க போறோம்னு பார்த்துக்கோணுமாம், இல்லைன்னா போட்டியில வேற கரைக்குப் போயிருவோமாம். கிணத்துல எந்தப் பக்கம் போனாலும் நம்ம சுவருதான்.

நெல்லுக் களத்துல உடுப்பு மாத்தற ஒத்திகையும் நடக்குது. ஈர ஒடம்போட ஓடி வந்து, ஹெல்மெட்டை மாட்டி, கொக்கியைப் போட்ட பொறகுதான் சைக்கிளைத் தொடோணும். முன்னாடியே தொட்டாத் தண்டனைன்னு விதியாம். ஈரக் காலுல ஷூ ஏறாதுன்னு உள்ள பவுடர் போட்டு வெக்கறேன். வீட்டம்மா போன்ல நேரம் பார்க்கறா. மொத நாள் ஆறு நிமிசம் ஆச்சு, அதுல ரெண்டு நிமிசம் அவ சிரிச்சதுக்கு நான் கோவிச்சுட்டு நின்னது. சைக்கிள்ல திங்கறதுக்கு ஏதோ ஜெல்லுன்னு பாக்கெட் அனுப்புனா மக, பசை மாதிரி இருக்குது. நான் கடலை உருண்டையும் உப்புப் போட்ட மோரும்தான். வயித்துக்குப் பழகாததை அன்னைக்குத் தின்னு பார்க்கறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல.

ஜப்பான்ல இனாடான்னு ஒரு பெரியவர், 70 வயசுலதான் மொத டிரையத்லான் போனாராம். 2018ல 85 வயசுல ஹவாய் அயர்ன்மேனையே முடிச்சிருக்காரு. அவரைப் பத்திப் பங்காளிகிட்டச் சொன்னேன். "அவருக்கு நெல்லறுப்பு இல்லியே தம்பி"ன்னாரு.

அதுதான் இப்பக் கவலை. போட்டி பொங்கல் கழிச்சு ரெண்டாவது ஞாயித்துக்கிழமை. நெல்லு அந்த வாரத்துலதான் அறுப்புக்கு நிக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி நாங்க ரெண்டு பேரும் பஸ் ஏறணும், வீட்டம்மாவும் வர்றா. அவ இதுவரைக்கும் பெங்களூரு பார்த்ததில்ல. மாட்டைப் பார்த்துக்கறதுக்கும் பால் கறக்கறதுக்கும், வீட்டுல சண்டையான்னு கேட்ட அதே பங்காளி ஒத்துக்கிட்டாரு. அறுப்பு மெசின்காரருக்கு நேத்தும் போன் போட்டேன். எடுக்கல. எடுத்தா, ஒண்ணு வியாழக்கிழமைக்குள்ள வாங்க, இல்லைன்னா செவ்வாய்க்கிழமைக்கு அப்புறம் வாங்கன்னு சொல்லோணும்.